உருட்டியது உண்மை

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதை யாரும் பயன்படுத்தவில்லை. ஊரே அவரை 'உருட்டு' என்றுதான் கூப்பிட்டது. கார்களுக்கு வீல் அலைன்மென்ட் பார்க்கும் கடையில் இருபத்திரண்டு வருடம் சக்கரங்களோடு புழங்கியதால் வந்த பெயர் என்று புதியவர்களிடம் சொல்லிக்கொள்வார். அதுவே ஓர் உருட்டுதான். வாயைத் திறந்தால் முக்கால் பங்கு புளுகு என்பதால் வந்த பெயர் அது. அவர் சரிசெய்துகொடுத்த கார் ஒன்று, ஸ்டீயரிங்கைத் தொடாமலே நாற்பது கிலோமீட்டர் நேர்கோட்டில் போனதாம். முந்தின வருடம் அதே கார் முப்பது கிலோமீட்டர்தான் போயிருந்தது.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவிக்கு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. சர்க்கரை நூற்று நாற்பத்திரண்டு என்றால் நூற்று நாற்பத்திரண்டுதான். நாற்பத்தொன்று என்று சொல்லி ஒருவரைச் சந்தோஷப்படுத்தும் கெட்ட பழக்கம் அவரிடம் கிடையாது. சொந்த மாமியாரின் கொழுப்பைக்கூட ஒரு புள்ளி குறைத்துச் சொன்னதில்லை. ஆசை இருந்தும் கூட்டிச் சொன்னதில்லை.

உருட்டுக்கு நாற்பத்தாறு வயதானபோது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. டாக்டர் ஏதாவது விளையாடச் சொன்னார். மனைவியின் தம்பி உடனே, "எங்க கூட பார்க்குக்கு வாங்க மாமா, டிஸ்க் கோல்ஃப் ஆடலாம்" என்று அழைத்தான். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன் அவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பிளாஸ்டிக் தட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். கம்பத்தில் ஓர் இரும்புக் கூடை, அதன் மேல் தொங்கும் சங்கிலிகள். தூரத்திலிருந்து தட்டை வீசி அதில் விழவைக்க வேண்டும். குறைந்த வீச்சில் முடிப்பவன் கெட்டிக்காரன். ஆட்டம் அவ்வளவுதான்.

"இதெல்லாம் நான் சின்ன வயசுலயே ஆடினதுதான்" என்றார் உருட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே.

முதல் வீச்சு குளத்துக்குள் போனது. இரண்டாவது மரத்தில் மாட்டிக்கொண்டது. மூன்றாவது பின்பக்கமாகப் போனது; அது எப்படிச் சாத்தியம் என்று அங்கே ஆடுபவர்களின் சங்கத்தில் இன்றுவரை பேசிக்கொள்கிறார்கள். நான்காவதை வீசும்போது தோள் சுளீரென்று இழுத்து, கை பாதியில் சரிந்துவிட்டது. தட்டு விளிம்பு தரையில் பட விழுந்து, கழன்றோடிய சக்கரம்போலப் புல்லில் உருண்டது. உருண்டது, உருண்டுகொண்டே இருந்தது. அந்தக் காலையில் எல்லோருடைய தட்டையும்விட அதிக தூரம் போய்த்தான் படுத்தது.

"வேணும்னுதான் அப்படிப் போட்டேன்" என்றார் உருட்டு.

அன்றிலிருந்து அவர் தட்டைப் பறக்கவிடவே இல்லை. மற்றவர்கள் காற்றைப் பார்த்தார்கள், இவர் தரையைப் பார்த்தார். சக்கரம் எந்தச் சாய்வில் நின்றால் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது அவருக்குச் சோறு போட்ட வித்தை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பொய் சொன்னதில்லை. கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுவந்து பின்கையால் வீசினால், சாய்ந்து விழும் தட்டு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து, நேராக ஓடி, கடைசியில் மறுபக்கம் வளைந்து படுக்கும். முன்கையால் பக்கவாட்டில் சுண்டினால் எல்லாமே தலைகீழ். கிளைகள் தாழ்ந்து கிடக்கும் இடத்தில், தலைக்கு மேலிருந்து செங்குத்தாக இறக்கிக் குட்டியாக ஓர் உருட்டு. புதுத் தட்டு முரண்டு பிடிக்கும், அடிபட்டுத் தேய்ந்த கிழட்டுத் தட்டுதான் சொன்ன பேச்சைக் கேட்கும் என்றும் கண்டுபிடித்தார். மற்றவர்கள் தூக்கிப்போட்ட தட்டுகளையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தார். வீட்டு நடைவழியில் உருட்டிப் பழகி, செருப்பு அலமாரியின் கதவைப் பெயர்த்தார்.

"தோளுக்காகத்தானே விளையாடப் போனீங்க?" என்றார் மனைவி.

"தோள் சரியாயிடுச்சே."

"அப்போ அலமாரிக் கதவைத் தூக்கி மாட்டுங்க, பாக்கலாம்."

தோள் மறுபடி வலிக்க ஆரம்பித்தது.

ஒரு ஞாயிறு காலை. வீட்டின் இரண்டு சாவியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உருட்டு பார்க்குக்குப் போய்விட்டார். காய்கறி வாங்கப் போன மனைவி பூட்டிய கதவின் முன் நின்றார். பிறகு இரண்டு கையிலும் பையோடு, நல்ல நாலு வார்த்தையை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு பார்க்குக்கு நடந்தார். போய்ச் சேர்ந்தபோது ஏழாவது கூடைக்கு எதிரே உருட்டு தனியாக நின்றிருந்தார். மச்சினன் புதருக்குள் தன் தட்டைத் தேடிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் ஆறாவதிலேயே நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழாவதுக்கு நடுவில் தாழ்ந்த கிளைகள். பறக்கவிட்டவர்கள் அங்கே பட்ட பாட்டை மரமே சொல்லும்.

உருட்டு பின்கையால் இறக்கினார். தட்டு சாய்ந்து விழுந்தது, நிமிர்ந்தது, கிளைகளுக்கு அடியில் குனியாமல் போனது. வளைந்து கூடையை நெருங்கியபோது ஒரு வேரில் ஏறி எம்பி, சங்கிலியில் சலங்கென்று மோதி, கூடைக்குள் உட்கார்ந்தது. ஒரே வீச்சு.

மனைவியின் கையிலிருந்த தக்காளிப் பை கீழே விழுந்தது.

"பாத்தியா?" என்றார் உருட்டு.

"பாத்தேன். சாவியைக் குடுங்க" என்றார் மனைவி. ஆனால் கையை நீட்ட மறந்துவிட்டார்.

சங்கத்தின் செயலாளர் நிலம் அளப்பவர். எதற்கெடுத்தாலும் இடுப்பிலிருந்து டேப்பை உருவுவதால் 'டேப்' என்றே பெயர். ஆறாவதிலிருந்து வந்து சேர்ந்த அவர் கூடைக்குள் கிடந்த தட்டைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், உருட்டின் முகத்தைப் பார்த்தார்.

"நடந்து போய் வெச்சிட்டு வந்தீங்களா?"

"என்னங்க இப்படிச் சொல்றீங்க! நெசமாவே உருட்டினேன்."

"அது தெரியுமே. இருபது வருஷமா உருட்டிட்டுதானே இருக்கீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மச்சினனைக் கேட்டார்கள். ஊருக்கெல்லாம் பார்வை சரியாக இருக்கிறதா என்று சொல்பவன், "நான் பாக்கலையே" என்றான். அப்போதுதான் மனைவி முன்னால் வந்தார்.

"நான் பாத்தேன். ஒரே தடவைதான் வீசினாரு. உருண்டு போய், வேர்ல ஏறி, உள்ள விழுந்துச்சு."

டேப் மரியாதையாகச் சிரித்தார். "வீட்டுக்காரரை விட்டுக்கொடுக்க மாட்டீங்க. நல்லதுதான் மேடம்."

"நான் பொய் சொல்றேன்னு சொல்றீங்களா?"

"சேச்சே, யாரு சொன்னா!" என்றார் டேப். அவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் மெதுவாக, "குடும்பமே உருட்டுதான் போல" என்றது எல்லோர் காதிலும் விழுந்தது.

பத்தொன்பது வருடத் திருமண வாழ்க்கையில் கணவரின் ஒரு பொய்க்கும் துணைபோகாத பெண்மணிக்கு, அவர் செய்த ஒரே நிஜத்துக்குச் சாட்சி சொல்லப் போய்க் கெட்ட பெயர். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் சொன்னார்: "அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்க எல்லாரும் பாக்க, அதே மாதிரி போடணும்."

"அதெல்லாம் ஒரு தடவைதான் வரும்மா."

"எதுவும் ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணாதான் ரிசல்ட்."

அடுத்த ஞாயிறு உருட்டு நாற்பத்தொரு முறை வீசினார். மனைவி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் எண்ணினார். எட்டு குளத்துக்கு, பதினொன்று வேலிக்கு, ஒன்று நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு பெரியவரின் இரண்டு காலுக்கும் நடுவே. கூடைக்குள் ஒன்றுகூட இல்லை. டேப் மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்தபடி பார்த்தார்.

முப்பதாவது வீச்சுக்குப் பிறகு, "இன்னும் கொஞ்சம் நிமித்திப் பிடிங்க. சீக்கிரமே படுத்துடுது" என்று மனைவி சொல்ல ஆரம்பித்திருந்தார். மூன்றாவது வாரம், "குடுங்க இப்படி" என்று தட்டைத் தானே வாங்கினார். உருட்டுக்குத் தூரம் இருந்தது, மனைவிக்குக் குறி இருந்தது. ஊசியைப் பார்த்து நடுங்கும் குழந்தையின் கையில் நரம்பு தேடும் விரல்களுக்கு ஒரு கூடை பெரிய விஷயமில்லை. வருடக் கடைசியில் சங்கத்தின் ஜோடிப் போட்டியில் இருவரும் பெயர் கொடுத்தார்கள். இவர் நீளமாக உருட்ட, அவர் கூடைக்குள் போட, மூன்றாம் பரிசு கிடைத்தது. டேப் கையாலேயே ஆளுக்கொரு துண்டு. அதுவும் கொஞ்சம் சின்னத் துண்டு.

அந்த வாரம் மனைவியின் அக்கா வீட்டில் சாப்பாடு. அக்கா வீட்டுக்காரர் கையைக் கழுவிக்கொண்டே, "என்ன சகலை, ஏதோ கப்பு வாங்கிட்டீங்களாமே" என்று நக்கலாகக் கேட்டார்.

உருட்டு வாயைத் திறந்தார். இந்த இடத்தில் அவருக்கு எத்தனையோ வழி இருந்தது. என்ன தோன்றியதோ, "கப்பு இல்ல, துண்டு. மூணாவது பரிசு" என்றார். பிறகு பெருமூச்சோடு, "வந்ததே நாலு ஜோடிதான்" என்று உண்மையையும் சொல்லிவிட்டார்.

அக்கா வீட்டுக்காரர் சிரிக்கத் தயாரானார்.

"நாப்பது" என்றார் மனைவி, பரிமாறும் கரண்டியை வைக்காமல். "நாப்பது ஜோடி. வெளியூர்ல இருந்தெல்லாம் வந்திருந்தாங்க."

உருட்டுக்குப் புரையேறியது. அக்கா அவர் தலையில் தட்டிக்கொண்டே இருந்தார். மனைவி தண்ணீரை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, அடுத்தவர் தட்டைப் பார்த்துப் பரிமாறப் போனார்.