விழக் கற்றுக்கொடுப்பவர்கள்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் பின்னால் தெரிந்துவிடப் போகிறது, நானே சொன்னதாக இருக்கட்டும். கேரள எல்லைக்குள் இருக்கும் தமிழ் ஊரான எருத்தேன்பதியில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருந்தது, கிணறு இருந்தது, தமிழ்நாட்டுக்காரர்கள் எப்போது தண்ணீர் திறந்துவிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கும் கனால் இருந்தது, மாடு கன்று இருந்தது, எனக்குப் பெண் மட்டும் கிடைக்கவில்லை. போன வீடுகளிலெல்லாம் காப்பி கொடுத்தார்கள். பையன் என்ன பண்றாருங்க என்று கேட்டார்கள். தோட்டம் பாக்கறேனுங்க என்று சொன்னதும் டம்ளரை எப்போது கீழே வைப்பான் என்று பார்க்க ஆரம்பித்தார்கள். விவசாயிக்குப் பெண் கொடுப்பதில்லை என்று சுற்றுவட்டாரமே முடிவுகட்டிய பிறகு, தோப்பைக் கள் இறக்குகிறவர்களுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கிளம்பிப் போர்ச்சுகல் வந்து சேர்ந்தேன். இங்கே என்ன உத்தியோகம் என்கிறீர்களா? பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் ராஸ்பெர்ரிப் பழம் பறிக்கிறேன். அதாவது சொந்தத் தோட்டத்தில் விவசாயம் பார்த்தால் மரியாதை இல்லையென்று, அடுத்தவன் தோட்டத்தில் கூலிக்கு விவசாயம் பார்க்க ஐரோப்பாவுக்கு வந்த ஒரே அறிவாளி நான்தான் என்று நினைத்திருந்தேன். வந்து பார்த்தால் நேபாளத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வந்த அறிவாளிகள் கூடாரம் கூடாரமாக நிற்கிறார்கள்.

இந்த ஊரில் எனக்கு அன்றாடம் நடக்கும் விசித்திரம் ஒன்று உண்டு. சாயங்காலமானால் யாராவது ஒருவர் என் கழுத்தை நெரிக்கிறார். நான் கையால் தட்டினால் விட்டுவிடுகிறார். விட்ட கையோடு கட்டிப்பிடித்து நன்றி சொல்கிறார். நம்மூரில் சொந்தக்காரன் கழுத்தை நெரித்தால் பாகம் கேட்கிறான் என்று அர்த்தம். இங்கே அதற்கு ஒரு பள்ளிக்கூடமே இருக்கிறது. நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில், பழைய டயர் குடோன் ஒன்றில் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கற்றுத் தருகிறார்கள். குத்து, உதை கிடையாது. கெட்டித் துணியில் வெள்ளைச் சட்டையும் இடுப்பில் பெல்ட்டும் கட்டிக்கொண்டு, தரையில் விரித்த பாயில் உருண்டு புரண்டு எதிராளியை மடக்க வேண்டும். வாசலில் நின்று வேடிக்கை பார்த்த என்னை எட்சன் என்ற பிரேசில்காரர் உள்ளே கூப்பிட்டார். கட்டணம் கட்ட வழியில்லை என்றேன். வகுப்பு முடிந்ததும் பாயைத் துடைத்துவிட்டுப் போ என்றார். அப்படி ஆரம்பித்ததுதான் என் வீர வரலாறு. முதல் நாளே ஒரு பையனை எப்படியோ கீழே தள்ளி மேலே உட்கார்ந்துவிட்டேன். பாவமாக இருந்ததால் தோளில் இரண்டு தட்டுத் தட்டிக்கொடுத்தேன். தட்டியவன் தோற்றவன் என்பது இங்கே விதி. ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே தோற்றவன் என்று எனக்கு அங்கே இன்றைக்கும் பெயர்.

பள்ளியின் முன்சுவரில் ஆசிரியர்களின் படங்கள் மாட்டியிருக்கின்றன. எட்சன் ஒருவர், லூசியானா என்ற பெண்மணி ஒருவர். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவரவர் பின்னணி. பின்னணி என்றால் எங்கே பிறந்தார், என்ன படித்தார் என்பதல்ல. யாரிடம் பெல்ட் வாங்கினார், அந்த யார் யாரிடம் வாங்கினார், அவர் யாரிடம் என்று ஆதி குரு வரைக்கும் வரிசையாகப் போகும். எட்சன் அதைச் சொல்லும்போது நிமிர்ந்து நிற்பார். எனக்கோ கேட்டதும் உடம்பு சிலிர்த்துவிட்டது. இது நம்ம சமாச்சாரம் அல்லவா! எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போனால் காப்பி வருவதற்கு முன்பே, என்ன கூட்டமுங்க என்று கேட்பார்கள். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை, ஒருவரையொருவர் கட்டிக்கொள்ளக் கூடாது. கூடாரத்தில் கற்ற அரைகுறைப் போர்ச்சுகீசிய மொழியில் நான் இதை எட்சனுக்கும் லூசியானாவுக்கும் விலாவாரியாக விளக்கினேன். விளக்கியதோடு விட்டிருக்கலாம். நீங்கள் இரண்டு பேரும் ஒரே குருவிடம் பெல்ட் வாங்கியவர்கள், ஒரே கூட்டம், ஆகவே உங்களுக்குள் கல்யாணம் ஆகாது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

எட்சன் விழுந்து விழுந்து சிரித்தார். லூசியானாவும் சிரித்தார். பிறகு, "என் புருஷனும் அதே குருவிடம்தான் பெல்ட் வாங்கினான். உங்கள் ஊர்ச் சட்டம் அப்போதே தெரிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்" என்று சொல்லிவிட்டுத் தன் பெல்ட்டை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். சுருட்டியதையே பிரித்து மறுபடியும் சுருட்டினார். அவருக்கு ஒரு புருஷன் இருந்தான் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

சுவரில் இல்லாத பின்னணிகளை அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். எட்சன் தன் ஊரில் பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர். இங்கே பகலெல்லாம் கட்டட வேலை, ஆளுயர ஜிப்சம் சுவர் அட்டைகளை மாடிக்குச் சுமக்கிறார். சாயங்காலம் எங்களைத் தூக்கி எறிவது அவருக்கு ஓய்வு மாதிரி. ஒருநாள் வாடகை வீட்டுக்காக ஃபோன் செய்துகொண்டிருந்தார். மறுமுனையில் உள்ளூர்க்காரர் இரண்டு வாக்கியம் கேட்டதும் வீடு காலியில்லை என்று வைத்துவிட்டார். உங்கள் தாய்மொழியும் இதே போர்ச்சுகீசியம்தானே, நீங்கள் பேசுவது அவர்களுக்குப் புரியாதா என்று அப்பாவியாகக் கேட்டேன். "நன்றாகப் புரிகிறது. புரிவதால்தான் எந்த ஊர்க்காரன் என்று உடனே தெரிந்துவிடுகிறது" என்றார். பாலக்காட்டுச் சித்தூர் வங்கியில் என் மலையாளத்தைக் கேட்டதும் கவுண்டருக்கு உள்ளே இருப்பவர் முகத்தில் ஒரு சின்ன மாற்றம் வரும். அதே நான் பொள்ளாச்சியில் உர மூட்டை வாங்கப் போனால், கேரளாக்காரரே கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்பார்கள். இரண்டு இடத்திலும் தள்ளித்தான் நின்றேன். நிற்பதற்கு நடுவில் ஒரு வரப்பாவது இருந்தது. இங்கே அதுவும் இல்லை.

லூசியானா பல் டாக்டர். பட்டம் பிரேசிலில் செல்லும், இங்கே செல்லாது. பகலில் கடற்கரை விடுதி ஒன்றில் அறைகளைக் கூட்டித் துடைக்கிறார், மாலையில் குழந்தைகளுக்கு வகுப்பு எடுக்கிறார். வகுப்பு முடிந்ததும் கூடாரத் தொழிலாளிகளின் பிள்ளைகளை மூலையில் வரிசையாக உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, செல்ஃபோன் வெளிச்சத்தில் பல் பார்ப்பார். கருவி எதுவும் தொடமாட்டார். பார்ப்பதோடு சரி. சொத்தை இருந்தால் பிள்ளையின் அம்மாவுக்குச் சைகையில் சொல்லி அனுப்புவார். அந்த நேரத்தில் அவர் முகம் பாயில் இருக்கும்போது இருப்பதைவிட வேறு மாதிரி இருக்கும்.

அந்தப் பிள்ளைகளால்தான் நானும் சுவரில் ஏறினேன். நீ இந்தியன், இவர்களும் அந்தப் பக்கம், நீ பேசினால் புரியும் என்று எட்சன் என்னை உதவிக்குச் சேர்த்தார். எனக்குத் தமிழ் தெரியும், மலையாளம் தெரியும், இந்தியில் 'நஹி' மட்டும் தெரியும். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பையே சமாளிக்கிறேன். நல்லவேளையாக, நான் நடத்தும் பாடத்துக்கு மொழி தேவையில்லை. எப்படி விழுவது என்பதுதான் பாடம். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள், முதுகை வளை, கையைப் பாயில் அறை. தலை அடிபடாமல் விழலாம். என்னையும் படம் எடுத்தார்கள். கீழே என்ன போடட்டும், எந்த ஊர் என்றார் எட்சன். எருத்தேன்பதி என்றேன். அது எங்கே? கேரளா. அப்படியானால் கேரள மொழி பேசுகிறவனா? இல்லை, தமிழ். சரி, தமிழ்நாடா? அதுவும் இல்லை. அட்டை சுமந்து களைத்துப்போன மனிதர், எனக்காக எவ்வளவு நேரம்தான் நிற்பார்? 'இந்தியா' என்று எழுதி ஒட்டிவிட்டார்.

அந்தப் படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். பெருமைதான், வேறென்ன. அக்காவைக் கட்டிக் கொடுத்தது எங்கள் ஊருக்கு அடுத்த கொழிஞ்சாம்பாறையில். படம் போன வேகத்தில் அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

"ஏண்டா தம்பி, போட்டோவுல உனக்குக் கண்ணாலக் களை வந்திருச்சுடா. இங்க ஒரு பொண்ணு இருக்குது, ரேவதின்னு பேரு. எங்கூரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துல டெம்பரவரி டீச்சர். உன்ற போட்டோவக் காட்டுனேன். அவிய அப்பா ரெண்டு தாட்டி வாங்கிப் பாத்தாரு. என்ன உத்தியோகமுன்னு கேட்டாரு, மாஸ்டருன்னு சொல்லிப்போட்டேன்."

"அக்கா, நான் பாய் தொடைக்கறவன்."

"அதைய எதுக்குடா அவியகிட்டச் சொல்லோணும்? டீ ஆத்தறவனே மாஸ்டருங்கறான். தை மாசம் நல்ல முகூர்த்தம் இருக்குது. லீவு சொல்லிப்போட்டு வந்து தாலியக் கட்டு."

லீவு. அக்காவுக்கு அது ஒரு சொல். குடியிருப்பு அட்டைக்கு நான் விண்ணப்பித்து எவ்வளவோ காலம் ஆகிறது. அது வரும்வரை இந்த நாட்டில் இருக்கலாம், பழம் பறிக்கலாம், கழுத்தைக் கொடுக்கலாம். எல்லையைத் தாண்டிப் போனால் திரும்பி வர முடியாது. ஊருக்குப் போய்த் தாலி கட்டினால் நான் மறுபடியும் தோட்டம் பார்க்கிறவன். மாப்பிள்ளையாகும் தகுதியை மணமேடையிலேயே இழந்துவிடுவேன். போகாவிட்டால் மாப்பிள்ளை இல்லாத மணமேடை. சொன்னால் அக்கா அழுவாள் என்று, பாக்கலாம் பாக்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ரேவதியின் படம் என் ஃபோனுக்கு வந்தது. பள்ளிக்கூடப் படிக்கட்டில் நின்று, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சிரிப்பதா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். பறிக்கும் வரிசையின் கடைசிக்குப் போகும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொண்டேன். மேற்பார்வையாளர் திட்டினார். திட்டியது உறைக்கவில்லை.

லூசியானாவிடமும் படத்தைக் காட்டினேன். அழகாக இருக்கிறாள், எப்போது போகிறாய் என்றார். அட்டை வரவில்லையே என்றேன். இது அவளுக்குத் தெரியுமா என்றார். நான் வழக்கம்போல ஏதோ வேடிக்கையாகச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் வந்த புதிதில், பிரேசிலில் இருந்த என் புருஷன் எப்போது கூட்டிப்போவாய் என்று தினமும் கேட்டான். அடுத்த மாதம் என்பேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேட்டான். அப்புறம் கேட்கவே இல்லை. கேட்காமல் விட்டது எனக்கு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அவன் வேறொருத்தி வீட்டுக்குப் போய்விட்டான் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சொல்லிவிடு. அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிடு."

அக்காவிடம் எண் வாங்கி, மறுநாள் மதிய இடைவேளையில் கூடாரத்துக்கு வெளியே நின்று அழைத்தேன். அங்கே பள்ளி விட்டிருந்த நேரம்.

"வேலை நேரமுங்களா?" என்றாள் ரேவதி.

"சாப்பாட்டு நேரமுங்க."

"மாஸ்டருன்னு உங்கக்கா சொன்னாங்க. எத்தனாங் கிளாசுக்குங்க?"

"சின்னப் பசங்களுக்குங்க."

"என்ன பாடமுங்க?"

"விழறதுக்குங்க."

"விழறதுக்கா? அதுக்கு எதுக்குங்க வாத்தியாரு? எங்க பசங்கெல்லாம் தானாவே விழறானுங்க."

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த பஞ்சாபிகள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சிரிப்போடு ஃபோனை வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்குப் பதிலாக உங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்திருக்கும்.

"மாஸ்டரெல்லாம் இல்லீங்க" என்றேன். "பகல்ல பழம் பறிக்கறேன். பொழுது சாஞ்சா பாய் தொடைக்கறேன். எங்க செவுத்துல மூணு போட்டோ இருக்குதுங்க. ஒருத்தரு வெளையாட்டு வாத்தியாரு, இங்க அட்டை சொமக்கறாரு. இன்னொருத்தங்க பல்லு டாக்டரு, லாட்ஜுல ரூமு கூட்டறாங்க. மூணாவது நானுங்க."

"பல்லு டாக்டரா?"

"ஆமாங்க. அவங்க சொல்லித்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

"தோட்டம் பாத்துட்டு இருந்தீங்களாமா. அதையவே பாத்துட்டு இருந்திருந்தா என்னங்க?"

"உங்க ஊட்டுக்கு வந்திருந்தா காப்பி குடுத்திருப்பீங்களா?"

"காப்பி குடுத்திருப்போமுங்க" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. பொய் சொல்ல வராத பெண்.

பிறகு அட்டையைப் பற்றிச் சொன்னேன். அது இல்லாமல் வர முடியாததையும், வந்தால் திரும்ப முடியாததையும், கூட்டிக்கொண்டு போகும் பேச்சுக்கே இப்போதைக்கு இடமில்லை என்பதையும் சொன்னேன். எப்பங்க வரும் என்று கேட்டாள். தெரியலீங்க என்றேன். இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் எனக்கு எந்த வேடிக்கையும் தோன்றவில்லை. ஒரு காதில் அவள் நிற்கும் சாலையில் ஒரு பஸ், கண்டக்டர் மலையாளத்தில் ஆள் ஏற்றுகிறார், யாரோ ஒரு பையன் டீச்சர், டீச்சர் என்று தமிழில் கத்திக்கொண்டு ஓடுகிறான். இன்னொரு காதில் கூடாரத்து பிளாஸ்டிக் காற்றில் படபடக்கிறது, மேற்பார்வையாளர் நேரமாயிற்று என்று போர்ச்சுகீசிய மொழியில் கூப்பிடுகிறார். இரண்டு சத்தத்துக்கும் நடுவில் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கே நிச்சயமில்லாமல், கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

"நீங்க கொஞ்ச காலம் காத்திருந்தீங்கன்னா..."

"காத்துக் கெடக்கறதுக்கு எங்களுக்குக் கனால் தண்ணியே போதுமுங்க."