வலப்பக்கப் பை

லொங்குய் நகரில் நண்பர் வீட்டுப் பிறந்தநாள் விழாவில்தான் அவரைச் சந்தித்தேன். அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார்; அங்கே பெற்றோல் நிலையக் கடை நடத்துபவர், சாந்தமான முகம். கார்த் திறப்புக் கொத்து, தொலைபேசி எல்லாவற்றையும் காற்சட்டையின் இடப்பக்கப் பைக்குள்ளேயே திணித்திருந்தார். அது பல்வலிக்காரன் கன்னம் போல வீங்கியிருந்தது. வலப்பக்கப் பை தட்டையாகக் கிடந்தது.

“ஏன் அண்ணை, மற்றப் பொக்கற் ஓட்டையோ?”

“இல்லைத் தம்பி, அது பிஸ்டலுக்கு. கடையில ரெண்டு தரம் கொள்ளையடிக்க வந்தவங்கள். அங்க லைசன்ஸ் இருக்கு. இஞ்ச கொண்டுவரேலாது, வீட்டில பூட்டி வைச்சிட்டு வந்தனான்.”

“எதைப் பாத்துத் தெரிவு செய்தனீங்கள்?”

“விக்கிறவன் என்னென்னவோ சொன்னான். பேத்தியைத் தூக்கேக்கை அவளின்ர காலில முட்டக்கூடாது எண்டன். இருந்ததிலயே சின்னனை எடுத்தன். எண்டாலும் அந்தப் பக்கம் அவளைத் தூக்க மனம் வரேல்லை.”

அப்போது என் மகள், கேக் தெரியவில்லை என்று அவரிடம் கைகளை நீட்டினாள். அவர் அவளை இடுப்பின் இடப்பக்கம் தூக்கி வைத்துக்கொண்டார்.

“மாமா, குத்துது,” என்று அவள் நெளிந்தாள்.

அவர் பதறிப்போய்த் திறப்பையும் தொலைபேசியையும் எடுத்து என் கையில் தந்தார். வெறுமையாய்க் கிடந்த வலப்பக்கத்துக்கு அவளை மாற்றவேயில்லை.