மாமாவை வைத்து வரைந்த கார்ட்டூன்

நான் வரைந்ததிலேயே அதிகம் பேர் பார்த்த படம் ஒன்று உண்டு. அதை நான் வீட்டில் மாட்டி வைக்கவில்லை. வேலை கேட்டுப் போகிற இடங்களில் காட்டும் கோப்பிலும் அது இல்லை. யாராவது நினைவு வைத்துக்கொண்டு, "அந்தச் சட்டைக்காரர் படம் நீங்க வரைஞ்சதுதானே?" என்று கேட்டால் பேச்சை வெயிலுக்கோ மழைக்கோ திருப்பிவிடுவேன்.

சேலத்தில் வெளியாகும் ஒரு மாலைப் பத்திரிகையில் பக்கம் வடிவமைப்பது என் வேலை. அதோடு வாரத்தில் மூன்று நாள் அரசியல் கார்ட்டூன் போட வேண்டும். தலைவர்களை வரைவதென்றால் ஆசிரியர் பத்து முறை யோசிப்பார். மூக்கைக் குறை என்பார், தொப்பையைக் குறை என்பார், கடைசியில் இன்றைக்கு வேண்டாம், மின்வெட்டைப் பற்றி ஏதாவது போடு என்பார். தெருவில் இறங்கிப் போராடுகிறவர்களை வரைவதில் இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் சார்பில் ஆசிரியருக்குப் போன் போட யாரும் கிடையாது. அப்போது நான் இதை இப்படி யோசித்துப் பார்த்ததில்லை. சுலபமாக இருந்தது, வரைந்தேன்.

வெளிநாட்டோடு ஏதோ வர்த்தக ஒப்பந்தம் வரப்போகிறது, இனிமேல் கிழங்கு மாவு வரியில்லாமல் கப்பல் கப்பலாக வந்து இறங்கும் என்று பேச்சு எழுந்த சமயம் அது. எங்கள் பக்கத்தில் வாழப்பாடியிலிருந்து நாமகிரிப்பேட்டை வரைக்கும் குச்சிக்கிழங்கு போடாத காடு தோட்டத்தைப் பார்ப்பது அரிது. மற்ற ஊர்க்காரர்கள் அதை மரவள்ளி என்பார்கள். அந்தக் கிழங்கை அரைத்துத்தான் ஜவ்வரிசி செய்கிறார்கள். வெளிமாவு மலிவாக வந்து இறங்கினால் கிழங்கை யார் வாங்குவது? எனவே இரண்டு மாவட்டத்து விவசாயிகளும் சேர்ந்து சேலத்துக்குள் ஊர்வலம் வந்தார்கள். உலகமயம் ஒழிக, அந்நிய மாவே திரும்பிப் போ என்று அட்டை பிடித்துக்கொண்டு ஃபேர்லேண்ட்ஸ் வழியாக நடந்தார்கள். அங்கே இரண்டு பக்கமும் வெளிநாட்டுப் பெயர் போட்ட, கண்ணாடி முகப்பு வைத்த துணிக்கடைகள். பைக்கில் வந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றார்கள். நானும் குறிப்புப் புத்தகத்தோடு ஓரமாக நின்றேன்.

ஊர்வலத்தின் முன்வரிசையில் என் மாமா வந்தார். அம்மாவின் கடைசித் தம்பி, நாமகிரிப்பேட்டைப் பக்கத்தில் நாலு ஏக்கர் கிழங்கு விவசாயம். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் விலை பேசுவது என்றாலும் அதிகாரியைப் பார்ப்பது என்றாலும் அந்தப் பக்கத்து விவசாயிகள் அவரைத்தான் முன்னால் அனுப்புவார்கள். அன்றைக்கும் நடுரோட்டில் அவரிடம்தான் மைக்கைக் கொடுத்தார்கள். அவர் கத்தவில்லை. கடைக்காரரிடம் விவரம் சொல்கிற மாதிரி சொன்னார்.

"மாவு மூட்டையில வருசமெல்லாம் காத்திருக்குமுங்க. எங்க கெழங்கு புடுங்கி ரெண்டு நாளு தாண்டுனா கறுத்துப்போயிரும். காத்திருக்க முடியாதவனையும் காத்திருக்க முடிஞ்சவனையும் ஒரே சந்தையில நிறுத்திப்போட்டு, போட்டி போடுங்கன்னா என்னுங்க நாயம்?"

ஒப்பந்தம் பற்றி நான் அதுவரை படித்த கட்டுரைகள் எல்லாவற்றையும்விட அது தெளிவாக இருந்தது. குறிப்புப் புத்தகத்தில் எழுதியும் வைத்தேன். ஆனால் அதில் சிரிப்பு இல்லை. எனக்கு மதியம் பன்னிரண்டு மணிக்குள் சிரிப்பு வேண்டும்.

மாமா அன்று டி-ஷர்ட் போட்டிருந்தார். நெஞ்சு முழுக்க ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர். போதாதா? அலுவலகம் போய் ஒரு மணி நேரத்தில் வரைந்து முடித்தேன். கடைக் கண்ணாடிக்குள் அதே டி-ஷர்ட் போட்ட துணிக்கடைப் பொம்மை. வெளியே அதே டி-ஷர்ட்டில், "அந்நியனே வெளியேறு" என்று கையை உயர்த்தும் விவசாயி. பொம்மை தலையை நீட்டி அவரிடம் கேட்கிறது: "ஏனுங்க, நம்ம ரெண்டு பேருல யாரை வெளியேறச் சொல்றீங்க?"

படத்தைப் பார்த்து ஆசிரியர் மேசையைத் தட்டிச் சிரித்தார். முதல் பக்கத்திலேயே போட்டார்.

வெறும் வாயை மெல்கிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி வாட்ஸ்அப் குழுக்கள் அதைப் பிடித்துக்கொண்டன. லாரிக்காரர்கள் குழு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காரர்கள் குழு, என் பள்ளி நண்பர்கள் குழு என்று எல்லாவற்றிலும் ஓடியது. "சரியான சவுக்கடி" என்று எழுதினார்கள். "கையில் சீன போன், வாயில் சுதேசி" என்று தங்கள் பங்குக்கும் ஆளுக்கொன்று சேர்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் பக்கத்தில் நின்றவர் தன் போனில் என் படத்தை எனக்கே காட்டிச் சிரித்தபோது, நான் முதல் தடவை பார்ப்பதுபோல் சிரித்தேன்.

திட்டியவர்களும் இருந்தார்கள். அலுவலகத்துக்குப் போன் வந்தது. வாழப்பாடியிலிருந்து ஒரு பெண் கடிதமே எழுதியிருந்தார். "அவர் கோவணம் கட்டிக்கொண்டு வந்திருந்தால் உங்களுக்குச் சம்மதமா? விவசாயி எந்தச் சட்டை போட்டால் நீங்கள் அவர் பேச்சைக் கேட்பீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்" என்று இருந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. நான் அதை ஆசிரியரிடம் காட்டி, நகைச்சுவை உணர்வே இல்லாத ஊர் என்று அலுத்துக்கொண்டேன். கருத்துச் சுதந்திரம் என்ற சொல்லை அந்த வாரத்தில் எத்தனை முறை சொன்னேன் என்று நினைத்தால் இப்போது காது கூசுகிறது.

உண்மையை இங்கே சொல்லிவிட வேண்டும். மாமா போட்டிருந்த டி-ஷர்ட் எந்த வெளிநாட்டிலிருந்தும் வந்ததல்ல. திருப்பூரில் தைத்தது. அவருடைய மகள் அங்கே ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள் என்கிற மின் தையல் மெஷினில் தைக்கிறாள். ஏற்றுமதிக்குத் தைத்ததில் பிசகு வந்த துணியைக் கழித்துப் போடுவார்கள். அதை வேலை செய்கிறவர்கள் மலிவாக எடுத்துக்கொண்டு வருவார்கள். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் நெஞ்சில் வெளிநாட்டுப் பெயரோடு திரிவது இப்படித்தான். அந்தப் பெண் தீபாவளிக்கு வரும்போதெல்லாம் எனக்கும் ரெண்டு கொடுப்பாள். ஊர்வலத்தன்று நான் போட்டிருந்ததும் அவள் கொடுத்ததுதான். மாமாவின் டி-ஷர்ட்டில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. பத்தடி தூரத்திலிருந்து அதைப் பார்த்தேன். பார்த்ததும் மகள் கொடுத்தது என்று தெரிந்தது. வரையும்போது இரண்டு கையையும் சமமாக வரைந்தேன். நீளம் குட்டையாக வரைந்தால் இந்த ஊரில் எல்லோருக்கும் அது திருப்பூர்க் கழிசல் என்று தெரிந்துவிடும். அப்புறம் சிரிப்பு எங்கிருந்து வரும்?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் ஒரு சட்டைக் கையை மறைத்தேன். அதற்குப் பேனாவை அரை அங்குலம் நகர்த்தினால் போதுமாக இருந்தது.

நாலாம் நாள் மாமாவின் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் அலுவலக வாசலில் வந்து நின்றார்கள். அவரைத்தான் வரைந்திருக்கிறேன் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. முகம் அப்படி அச்சாக வந்திருந்தது. "வரைஞ்சவனை வெளிய வரச் சொல்லுங்க" என்று ஒருவர் சத்தம் போட்டார். நான் உள்ளே, மாடிப்படிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர்களுக்குப் பின்னாலேயே மாமாவும் வந்துவிட்டார்.

"உடுங்கப்பா. அவன் எங்கக்கா பையன்," என்றார். "மாமனைக் கேலி பண்ணாம மாப்ள வேற யாரைப் பண்ணுவான்? இது எங்களுக்குள்ள. வாங்க, டீ குடிச்சுட்டுப் போலாம்."

எங்களில் மாமனும் மாப்பிள்ளையும் கேலி பேசிக்கொள்வது முறை. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் ஒருவரை ஒருவர் இலையோடு சேர்த்து வாரிவிடுவோம். ஆனால் அது சொந்தக்காரர்களுக்கு நடுவில். அவர் திருப்பிச் சொல்ல ஒரு வாய் இருக்கும், கேட்கிறவர்களுக்கு இரண்டு பேரையும் தெரியும். பத்திரிகையில் அவருக்கு நான் வாய் வைக்கவில்லை. பொம்மைக்குத்தான் வைத்தேன். அவர் அந்த முறையைச் சொல்லி என்னைக் காப்பாற்றினார். நான் அன்றே ஆசிரியரிடம், "படத்துல இருக்கறவரே சிரிச்சுட்டாருங்க" என்றேன். மறுநாள் பத்திரிகையில் கட்டம் கட்டி அதையும் போட்டார்கள். அம்மா உயிரோடு இருந்திருந்தால் என்னை வாசற்படி ஏற விட்டிருக்க மாட்டாள்.

 படம் மாமா மகளின் கம்பெனிவரைக்கும் போய், தைக்கிற பெண்களெல்லாம் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு அவள் வரவில்லை. நான் அனுப்பிய வாழ்த்துக்கும் பதில் இல்லை.

பொங்கல் கழிந்ததும் அரசு அதிகாரிகள் விவசாயிகளையும் வியாபாரிகளையும் கூப்பிட்டுச் சேலத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். மேலே அனுப்பப்போகும் அறிக்கையில் எது ஏற வேண்டும் என்று கேட்பதற்காக. விவசாயிகள் பக்கத்தில் பேசுவதற்கு மாமா வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி. நான் பத்திரிகைக்காரர்களோடு பின்வரிசையில் இருந்தேன். அவர் எழுந்து வணக்கம் சொன்னதுதான் தாமதம், எதிர்ப்பக்கத்தில் இருந்த மாவு வியாபாரி ஒருவர் சிரித்துக்கொண்டே, "அண்ணன் இன்னைக்குச் சட்டையை மாத்திட்டு வந்துட்டாருங்க" என்றார்.

மண்டபமே சிரித்தது. மேடையில் இருந்த அதிகாரி புன்னகையை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. விவசாயிகள் பக்கத்திலும் இரண்டு பேர் சிரித்ததை நான் பார்த்தேன்.

மாமா குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். "கெழங்கு வந்துங்க..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். மறுபடியும், "எங்க கெழங்குங்க..." என்றார். நடுரோட்டில் அத்தனை தெளிவாகச் சொன்ன மனிதருக்கு வார்த்தை வரவில்லை. "மத்தவங்க சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மற்றவர்கள் மானியம், உரம், கரண்ட் என்று பேசினார்கள். பிடுங்கிய கிழங்கு காத்திருக்காது என்பதை யாரும் சொல்லவில்லை. அந்த வாக்கியம் என் புத்தகத்தில் அப்படியே இருந்தது. எழுந்து படித்திருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். பத்திரிகைக்காரன் கூட்டத்தில் பேசக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறிக்கையில் அது ஏறவில்லை.

கூட்டம் முடிந்து அவரை என் வண்டியில் ஏற்றி பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனேன். ராசிபுரம் பஸ் வர நேரமிருந்தது. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். வெயில் காலைச் சுட்டது. அவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்ள, உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன்," என்றார்.

"கேளுங்க மாமா."

"அந்தப் பனியன் நம்ம புள்ள கொண்டாந்து குடுத்ததுன்னு உனக்குத் தெரியாதா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரியும் என்றால் அடிக்கப்போகிறவர் மாதிரியும் இல்லை. உள்ளபடி தெரிந்துகொள்ள விரும்பினார், அவ்வளவுதான். தெரியும், பார்த்துவிட்டுத்தான் மாற்றி வரைந்தேன் என்று சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் எனக்கு இனி வாய்க்காது என்று அப்போதே தெரிந்தது.

"இல்லீங்க மாமா. கவனிக்கவே இல்லீங்க," என்றேன்.

அவர் முகம் சட்டென்று தெளிந்தது. என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். "அதைத்தான் நான் புள்ளகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அவனுக்குத் தெரியாது சாமி, தெரிஞ்சிருந்தா நம்ம மாப்ள அப்படி வரைவானான்னு. அவதான் கேக்க மாட்டேன்னா. இன்னைக்கே சொல்லிப்போடறேன்."

பஸ் வந்ததும் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்து, "போயிட்டு வாரேன் மாப்ள. வெயில்ல நிக்காத, ஊட்டுக்குப் போ," என்றார். எத்தனையோ மாதமாக அவரை அப்படி நிம்மதியாக நான் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்துத் திருப்பூரிலிருந்து போன் வந்தது. மாமாவின் மகள்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டாள். பின்னால் பெண்கள் பேசுகிற சத்தம் கேட்டது.

"அப்பா சொன்னாருங்க," என்றாள். "உங்களுக்குத் தெரியாமத்தான் நடந்திருக்குது. நாந்தான் வேணும்னே பண்ணிட்டீங்கன்னு தப்பா நெனச்சு இத்தனை நாளு பேசாம இருந்துட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. மன்னிச்சுக்கோங்க."

"பரவால்ல சாமி, விடு," என்றேன்.