பின்னால் நின்று கை காட்டியவர்

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட முன்பெல்லாம் தெம்பு இருந்தது, இப்போது இல்லை. நம்பினால் படியுங்கள், இல்லையென்றால் போய் உங்கள் வேலையைப் பாருங்கள். எனக்குக் கண்ணில் கோளாறு கிடையாது. நேரம் நடுராத்திரியும் இல்லை. சாயங்காலம் ஐந்தரை மணி. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் பாரம் இழுக்கிற தொழில் செய்கிறோம். ஒரு பெரிய பிக்கப் வண்டி, அதற்குப் பின்னால் மாட்டுகிற டிரெய்லர். மண் தோண்டுகிற இயந்திரம், ஜெனரேட்டர், ரோலர் எது வேண்டுமானாலும் வேலை நடக்கிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவோம், முடிந்ததும் திரும்பக் கொண்டுவருவோம். ஓட்டுவது நான். ஆமாம், நான்தான். அவருக்கு மூன்று வருஷமாக இடது தோள் இறுகிக் கிடக்கிறது. கை மார்புக்கு மேல் எழும்பாது. காலையில் சட்டைக் கைக்குள் அவர் கையை நுழைத்துவிடுவதே என் வேலைதான். அதனால் ஸ்டியரிங் எனக்கு. பின்னால் நின்று வலது கையால் வழி காட்டுவது அவருக்கு.

வண்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது. காய்கறி ஏற்றுகிற பிக்கப்பை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின். பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு டயர்கள். ஒன்பது டன் இழுக்கும். நீளமான இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுவிட்டால் என்ஜினே மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தாங்கும், காலுக்கு வேலை இல்லை. ஆனால் அதன் உண்மையான பலம் ஓட்டத்தில் தெரியாது. நிற்கிற இடத்தில்தான் தெரியும். கியரைப் போட்டுவிட்டுப் பிரேக்கில் இருந்து காலை எடுத்தால் போதும். ஆக்சிலரேட்டரைத் தொடவே வேண்டாம், ஐந்து டன் பாரத்தோடு தானாக நகரும். டயருக்கு அடியில் செங்கல் கிடந்தால் அதற்குத் தெரியாது. ஆள் கிடந்தாலும் தெரியாது.

பழைய வண்டிதான், கைமாறி வந்தது. வாங்கின இரண்டாவது வாரமே ஒரு கோளாறு கண்ணில் பட்டது. பின் தொட்டியில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று முன்னால் இருக்கிற திரையிலேயே எண்ணாகக் காட்டும், அந்த வசதி அதில் உண்டு. ஒரு நாள் தொட்டி துடைத்த மாதிரி காலியாக இருக்கிறது. திரையில் அறுபத்திரண்டு கிலோ.

எங்கள் மெக்கானிக்கை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் அடியில் படுத்துப் பார்த்தார்.

"சென்சாருக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குக்கா. தண்ணி போயிருக்கும். தொடச்சு விட்டிருக்கேன்."

இரண்டு நாள் பூஜ்யம் காட்டியது. மூன்றாம் நாள் மறுபடி அறுபத்திரண்டு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கெட்டுப்போன சென்சார் வாய்க்கு வந்ததை உளறும். இது ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"யாரோ ஓசியில ஏறி வர்றாங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"எறங்கச் சொல்லுங்க. டீசல் யாரு போடுறது?" என்றேன் நான்.

சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

நான் சொல்ல வந்த அந்த நாள் எங்களுக்கு விடியற்காலையிலேயே தொடங்கிவிட்டது. இரண்டு நடை அடித்தாகிவிட்டது. மூன்றாவது, கடைசி நடை. நகரத்துக்கு வெளியே ஒரு கட்டட வேலை முடிந்துவிட்டது, அங்கே டிரெய்லரில் ஏற்றி நிறுத்தியிருக்கிற குட்டிப் பொக்லைனை இழுத்துக்கொண்டு வர வேண்டும். அவ்வளவுதான். மதியத்தில் இருந்து மழை தூறிக்கொண்டிருந்தது. எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. அவர் பக்கத்து சீட்டில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு வந்தார். வீட்டுக்குப் போய்க் காலை நீட்டினால் போதும் என்பதைத் தவிர என் மண்டையில் வேறு எதுவும் ஓடவில்லை.

கட்டடத்து வளாகத்துக்குள் நுழைந்தேன். ஆள் நடமாட்டம் இல்லை. வேலைக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். காவலாளிகூடக் கேட்டைத் திறந்துவிட்டு உள்ளே முடங்கிவிட்டார். டிரெய்லர் ஒரு சுவர் ஓரமாகத் தனியாக நின்றது. வண்டியை நிறுத்தினேன்.

திரையில் அறுபத்திரண்டு இருந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூஜ்யத்துக்கு வந்தது.

வண்டியின் பின்பக்கம் லேசாக... ஒரே ஒரு தடவை... மேலே எழும்பி அடங்கியது. யாரோ தொட்டியில் இருந்து கீழே குதித்து இறங்கின மாதிரி. அந்த வண்டியின் பட்டை ஸ்பிரிங் எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும். இரண்டு ஆள் ஏறிக் குதித்தாலும் அசையாது. அசைந்தது.

அவர் விழித்துக்கொண்டார். "வந்தாச்சா?" என்று கேட்டுக் கொட்டாவி விட்டார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அசதி, வாய் வரவில்லை.

அவர் மழைத்தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கிப் பின்னால் போனார். டிரெய்லர் மாட்டுவது எப்படி என்றால், பிக்கப்பின் பின்புறத்தில் ஓர் இரும்பு உருண்டை இருக்கும். டிரெய்லரின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற மூக்குக்கு நேர் கீழே அந்த உருண்டை வரும்படி பின்னால் எடுக்க வேண்டும். ஓர் அங்குலம் தப்பினாலும் உட்காராது. புருஷன் பெண்சாதிக்குள் சண்டை மூட்ட இதைவிட நல்ல வேலை உலகத்தில் கிடையாது. 'இடது' என்பார், அவருக்கு இடதா எனக்கு இடதா என்று கத்துவேன். அதற்குத்தான் கேமரா. ரிவர்ஸ் கியர் விழுந்ததும் பின்னால் இருப்பது திரையில் தெரியும்.

ரிவர்ஸ் போட்டேன். திரையில் கீழ்ப் பாதி முழுக்கக் கேமராவில் அப்பின சேறு. காலையில் இருந்தே அப்படித்தான், துடைக்க இரண்டு பேருக்குமே உடம்பு வணங்கவில்லை. மேல் பாதி தெளிவாகத் தெரிந்தது. டிரெய்லர். அதன் மேல் பொக்லைன். டிரெய்லரின் மூக்குக்குப் பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார்.

வா... வா... என்று கை காட்டினார்.

பிரேக்கில் இருந்து காலைத் தளர்த்தினேன். வண்டி ஊர்ந்தது.

வா... வா...

பக்கக் கண்ணாடிகளைப் பார்த்தேன். இரண்டிலும் மழைதான். சரி, நடுவில் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பின் பம்பரில் இருக்கிற சென்சார் பீப் அடிக்கத் தொடங்கியது. டிரெய்லர் கிட்டே வந்தால் அடிக்கும், வழக்கம்தான். பீப்... பீப்... பீப்...

திரையில் அவர் சிரித்தார். தொப்பிக்குக் கீழே அந்த முகம், அந்தச் சிரிப்பு. இருபத்திரண்டு வருஷமாக நான் பார்க்கிற சிரிப்பு. இன்னும் வா... இன்னும்...

பீப் பீப் பீப் பீப்...

கையைத் தலைக்கு மேலே உயரமாகத் தூக்கி, வேகமாக ஆட்டினார்.

இடது கை.

தலைக்கு மேலே.

இடது கை...

என் கால் பிரேக்கை எப்படி மிதித்தது என்று எனக்குத் தெரியாது. பார்க்கிங்கில் தள்ளிவிட்டு, கதவைத் திறந்து, சேற்றில் ஒரு தடவை விழுந்து எழுந்து பின்னால் ஓடினேன்.

மூக்குக்குப் பின்னால் யாரும் இல்லை.

அவர் கீழே இருந்தார். வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவில், மண்டி போட்டு, டிரெய்லர் மூக்கில் இறுகிப்போன தாழ்ப்பாளைக் கம்பியால் நெம்பிக்கொண்டு. அவர் தலைக்கும் வண்டியின் பம்பருக்கும் நடுவே என் கையை வைத்தால் உரசும். அவ்வளவுதான் இடைவெளி.

நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. முதலில் தன் பக்கத்தில் பார்த்தார், அங்கே யாரோ இருக்க வேண்டும் என்கிற மாதிரி. அப்புறம் என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

எனக்கு வந்த பயம் எல்லாம் ஆத்திரமாக மாறிவிட்டது.

"அறிவு இருக்கா உங்களுக்கு? நான் எறங்கி வந்து சாவியக் காட்டாம நடுவுல போகக் கூடாதுன்னு பேசி வச்சிருக்கோமா இல்லையா?"

அது எங்கள் சட்டம். நான் என்ஜினை அணைக்க வேண்டும், இறங்கி வந்து சாவியை அவர் கண்ணுக்கு முன்னால் நீட்ட வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் அவர் குனிவார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் மீறியது இல்லை.

"சாவி எங்க?" என்றார்.

"வண்டில. என்ஜின் ஓடுறது காதுல விழலையா?"

நான் திரையில் பார்த்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு என் கைகளையே பார்த்தார். சொல்லத் தோன்றவில்லை.

டிரெய்லரை மாட்டினோம். கிளம்பினோம். திரையில் பூஜ்யம்தான் இருந்தது. வீடு வரை பூஜ்யம்தான்.

அந்த மாதமே வண்டியை விற்றுத் தள்ளிவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். தள்ளிவிட்டு வேறு ஒன்று வாங்கினோம், பலம் குறைந்தது, ஏற்றத்தில் முக்கும். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கவலை அவரைப் பற்றித்தான். மனுஷர் ஆளே மாறிப்போனார். புது வண்டிக்கு இருந்த இரண்டு சாவிகளில் ஒன்றைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். சோறு போட்டு வைத்தால் தட்டையே ஒரு நிமிஷம் பார்ப்பார். கிண்டல் போச்சு, சண்டைகூடப் போச்சு. நான் பின்னால் வந்து நின்றால் சட்டென்று திரும்புவார். எனக்கு வயிறு எரிந்தது. உயிரைக் காப்பாற்றினவளிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற புருஷனை எங்கேயாவது கண்டதுண்டா?

நான்கு மாதம் இப்படியே ஓடியது. ஒரு நாள் காலையில் சட்டை போட்டுவிடும்போது அவர் தோளைப் பிடித்தேன். சட்டென்று விலகிக்கொண்டார்.

"என்னதான் உங்களுக்கு? வாயைத் தொறந்து சொல்லித் தொலைங்க. எனக்கு முடியல," என்றேன்.

கட்டிலில் உட்கார்ந்தார்.

"எதுக்கு அப்படிப் பண்ணின?"

"எப்படி?"

"நீ எறங்கி வந்த. என் பக்கத்துல வந்து நின்ன. சாவிய நீட்டிக் காட்டின."

"நான் வண்டிய விட்டு எறங்கவே இல்லீங்க."

"வந்த. என்ஜின் சத்தம் நின்னு போச்சு. மழை மட்டுந்தான் கேட்டுச்சு. 'நான் பாத்துக்கறேன், நீங்க குனிங்க'ன்னு சொன்ன. உன் கொரல். நான் குனிஞ்சேன்."

"அப்புறம்?"

"நிமிந்து பாக்கறேன், வண்டி என் தலைக்கு மேல நிக்குது. ஓடிக்கிட்டு."

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"நாலு மாசமா... நான் உங்களக் கொல்லப் பாத்தேன்னு நெனச்சுக்கிட்டா இருந்தீங்க?"

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்று.

"அப்புறம் ஏன் என்கூடவே இருந்தீங்க?"

"எங்க போறது?" என்றார்.

அழுதேன். வெட்கம் இல்லாமல் அழுதேன். அப்புறம் நான் திரையில் பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, மெதுவாக ஒன்று சொன்னார்.

"அவ்வளவு மழை. அவ நனையவே இல்ல. அப்ப எனக்கு அது தோணல."

'நீ' என்று சொல்லவில்லை. 'அவ' என்றுதான் சொன்னார். எனக்கு அதுவே போதும் என்று இருந்தது.

அது யார், என்ன, அந்த வண்டியை எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவருக்கு என்ன நடந்தது, எதுவும் எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. இப்போதும் சேர்ந்துதான் வேலைக்குப் போகிறோம். அவர் என்னை நம்புவதாகச் சொல்கிறார். நானும் அவரை நம்புகிறேன். ஆனால் ராத்திரி அவர் எனக்கு முதுகு காட்டிப் படுப்பதில்லை. என் பக்கம் திரும்பியே படுக்கிறார், கண் மூடுவதே இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? நானும் மூடுவதில்லை. என்னை வா வா என்று கூப்பிட்டுச் சிரித்தது இந்த முகம்தான்.