தம்பி எந்தப் பக்கம்?

சென்ற மாதம் சிம்பாங் பூலாயில் ஒரு வீடு பார்க்கப் போனோம். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம், இப்போது வரிசையாக வீடுகள் கட்டிய தாமான். அதில் ஒரு தரை வீடு. ஈப்போவில் லிஃப்ட் இல்லாத ஃபிளாட்டின் மூன்றாவது மாடிக்கு ஏறி இறங்கியே முட்டி தேய்ந்துபோன என் மனைவிக்கு அது வீடாகவா தெரிந்தது? சொர்க்கம்!

வாசலில் நின்ற ஏஜெண்ட் தமிழ்ப் பையன். பெயர் குமரன். நாங்கள் போனதும் விஷயத்தைச் சொல்லிவிட்டான்.

"அக்கா, முன்னுக்கே சொல்லிடுறேன். நான் வீட்டுக்காரரோட ஏஜெண்ட். அவருக்காகத்தான் பேசுவேன்."

"அது கெடக்கட்டும் தம்பி. உங்கப்பா எந்த எஸ்டேட்?"

சொன்னான். என் மாமனார் பால்மரம் வெட்டிய அதே எஸ்டேட்! முடிந்தது கதை. எஸ்டேட் ஒன்று என்றால் நமக்குப் போதாதா? உடனே பங்காளி ஆகிவிடுவோம். அப்புறம் பங்காளியிடம் எதை மறைப்பது?

"மூணு மாடி ஏறி முட்டியே போச்சு லா, தம்பி. இந்த வீட்ட விட்டா நான் எங்க போவேன்? தையில பால் காய்ச்ச நாள்கூடக் குறிச்சாச்சு!"

ஆமாம்... வீடு இன்னும் கைக்கு வரவில்லை. குருக்கள் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்.

குமரன் பதறிப்போனான். "ஐயோ, என்கிட்ட சொல்லாதீங்க அக்கா!"

"கூச்சப்படுறான் பாருங்க," என்றாள் என்னிடம். நானும் தலையாட்டி வைத்தேன்.

விலையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டு அனுப்பினோம். மறுநாளே போன் வந்தது.

"ஒரு வெள்ளிகூடக் குறைக்க மாட்டாராம், அக்கா."

"ஏனாம்?"

"உங்களுக்கு அவசரம்னு அவருக்குத் தெரியும்."

"எவன் சொன்னான்?"

"நான்தான்."

என் மனைவி போனை என் காதில் வைத்துவிட்டாள். எனக்கு அது புதிய அனுபவம்.

"என்னை நம்பி வீட்ட ஒப்படைச்சவரு அக்கா. நீங்க சொன்னத அவருகிட்ட மறைச்சா துரோகம் இல்லையா?"

எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் யார்மீது கோபப்படுவது? யாருடைய ஏஜெண்ட் என்று அவன்தான் கேட்காமலேயே சொன்னானே! நாம்தான் ஒருவன் எந்த ஊர், யார் பிள்ளை என்று துருவித் துருவிக் கேட்போம். யாருக்காக வேலை செய்கிறான் என்பது மட்டும் காதில் ஏறாது.

வீட்டுக்காரர் கேட்ட விலைக்கே வாங்கினோம். வேறு வழி? முட்டிவலி பேரம் பேசுமா?

இனி பழைய ஃபிளாட்டை விற்றாக வேண்டும். எந்த ஏஜெண்டைப் பிடிக்கலாம் என்று நேற்றுக் கேட்டேன்.

"குமரனத்தான்!" என்றாள் மனைவி. "வீடு பாக்க வாரவங்களுக்கு நானே தேத்தண்ணி போட்டுக் கொடுக்குறேன். அவங்க அவன் பக்கத்துல ஒக்காந்து, மனசுவிட்டுப் பேசட்டும் லா!"