மதிலோரப் பாத்தி

உரும்பிராயில் வீடு கட்டிக் குடிவந்த இரண்டாம் வருடம், பின்வளவில் மதிலோரமாக ஒரு பூப்பாத்தி போட்டேன். செவ்வந்தியும் ரோசாவும், இடையிடையே வாடாமல்லிகையும். கணவர் ஓய்வுபெற்று வீட்டில் இருந்தார். நான் இன்னும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் போகுமுன் தேத்தண்ணிக் கோப்பையோடு பாத்தியடியில் போய் நிற்கிற அந்தப் பத்து நிமிடந்தான் நாள் முழுவதற்கும் எனக்கென்று இருந்த நேரம்.

அந்த மாரிக்குப் பிறகு பாத்தி பூத்த விதம் சாதாரணமானதல்ல. வீட்டின் முன்பக்கச் செம்மண்ணில் நின்ற செவ்வந்திகள் முழங்கால் உயரத்தில் நாலைந்து பூவோடு நின்றுவிட்டன. மதிலோரத்தில் நின்றவை என் இடுப்புக்கு வந்தன. ஒரு கொப்பில் ஏழெட்டு மொட்டு. ரோசா ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். நான் வெறுங்கையால் மண்ணைக் கிளறிவிடுவேன். மண் கறுத்து, குளிர்ந்து, விரலில் ஒட்டும். நல்ல உரமான மண் என்று நினைத்து விறாந்தைச் சாடிகளுக்கும் அள்ளிப் போட்டேன். பூவுக்குள் முகத்தை வைத்து மணந்திருக்கிறேன். இதை எழுதும்போதும் மூக்கைத் துடைக்கவேண்டும் போலிருக்கிறது.

கணவரின் தங்கை, என் மச்சாள், பக்கத்து வீட்டில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் தட்டத்தோடு வந்து பிள்ளையாருக்குப் பூ ஆய்ந்துகொண்டு போவாள். எனக்குக் கைராசி என்று கோயிலில் காண்கிற எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள். அதைக் கேட்க எனக்கும் புளுகமாக, உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

செவ்வந்திக்கு அடியில் பொன்னாங்காணி தானாக முளைத்துத் தளதளவென்று படர்ந்திருந்தது. ஒரு சனிக்கிழமை அதை ஆய்ந்து, தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்தேன். மச்சாளும் அன்று எங்களோடுதான் சாப்பிட்டாள். இரண்டு தரம் கேட்டு வாங்கினாள். கணவர் வயிறு சரியில்லை என்று ரசத்தோடு எழும்பிவிட்டார்.

தை மாதக் கடைசியில் ஒரு ரோசாத் தடி ஊன்றுவதற்காகப் பாத்தியின் மூலையில் மண்வெட்டியைப் போட்டேன். மண் வெட்டுப்படவில்லை, தாழ்ந்தது. காலை முன்னுக்கு வைத்தேன். கணுக்கால் வரை இறங்கியது. காலை இழுத்தபோது செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது. அந்தக் குழிக்குள் கறுப்பாக ஏதோ ஊறி நிறைந்தது. அதன் மேல் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. அதற்குப் பிறகுதான் நாற்றம் வந்தது. அது சேறு இல்லையென்று விளங்க எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

கக்கூசுக் குழி பாத்தியிலிருந்து சில அடி தள்ளித்தான் இருந்தது. அது அங்கே இருப்பதையே நான் மறந்திருந்தேன்.

குழாயடியில் இருந்து சவர்க்காரமும் தேங்காய்ப் பொச்சும் போட்டுத் தோல் எரியும்வரை காலைத் தேய்த்தேன். இடையில் இரண்டு தரம் சத்தி எடுத்தேன். கணவர் வந்து பாத்தியை எட்டிப் பார்த்தார். அவருடைய முகத்தில் அதிர்ச்சி இல்லை. பிடிபட்ட ஆளின் முகந்தான் இருந்தது.

"உங்களுக்கு முந்தியே தெரியுமோ?" என்று கேட்டேன்.

"ஓம். மழை துவங்கின கிழமை மூடி வெடிச்சுப் பொங்கினது. நீர் பள்ளிக்கூடம் போன நேரம் மண் போட்டு மூடிவிட்டனான்."

"அப்ப அண்டைக்கு அந்த வறையை ஏன் தொடேல்லை?"

அவர் மதில் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "நீர் ஒவ்வொரு நாளும் உதிலை நிண்டு சந்தோசப்பட்டனீர். சொல்ல மனம் வரேல்லை," என்றார். மாட்டெருவும் இப்படித்தானே என்றும் சொன்னார்.

காலில் பட்டதைக் கழுவ முடிந்தது. நான் அந்தக் கீரையை ஆய்வதையும், அரிவதையும், வாயில் வைப்பதையும் பக்கத்தில் இருந்து பார்த்த மனிதர் இவர் என்ற நினைவைக் கழுவ முடியவில்லை. ஒரு கிழமை அவருக்குச் சோறு போட்டுவிட்டு எழும்பி அறைக்குள் போய்விடுவேன்.

மச்சாளிடம் சொல்லாமல் விடலாம் என்றார். நான் போய்ச் சொன்னேன். வறையை அவள் நினைக்கவேயில்லை. "நான் பிள்ளையாருக்கெல்லோ வைச்சனான், மச்சாள்," என்று மட்டும் சொன்னாள். உடனே போய்த் தலையில் தண்ணி வார்த்தாள். பிறகு ஒரு மாதம் எங்கள் படலையைத் திறக்கவில்லை.

குழியை உறிஞ்சி எடுக்கப் பவுசர் வண்டி வந்தது. வெடித்த மூடியை உடைத்து அகற்ற மறுநாள் ஒருவர் வந்தார், என்னைவிட வயது கூடியவர். மத்தியானம் வரை குழிக்குள் குனிந்து நின்றார். முழங்கை வரை கறுத்திருந்தது. சரிந்த மண்ணைக் கட்டாமல் புது மூடி போட முடியாது, பாத்தியைக் கிண்டவேண்டும் என்றார். கிண்டிப் புதைத்துவிடச் சொன்னேன். செடிகள் பூவோடுதான் நின்றன. தேனீக்கள் கூட அதில் மொய்த்துக்கொண்டிருந்தன. அந்த மஞ்சளைப் பார்க்கப் பார்க்க எனக்குக் குமட்டியது.

அவர் கைகால் கழுவி வந்ததும் தேத்தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டுக் கோப்பையைப் படியில் வைத்துவிட்டுப் போனார். நான் அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய், மற்றக் கோப்பைகளோடு சேர்க்காமல் குழாயடியில் தனியே வைத்தேன். வைத்த பிறகுதான் என் கை செய்ததைப் பார்த்தேன். அவர் அள்ளியது எங்கள் வீட்டு ஊத்தை. அதில் முளைத்ததை ஆய்ந்து தின்றவள் நான். கோப்பையை எடுத்து மற்றவற்றோடு சேர்த்துக் கழுவிக் கவிழ்த்தேன். ஆனால் அதைத் தள்ளி வைத்தது என் கைதான். பாத்தியைக் கண்டபோது வந்த அருவருப்பைவிட இது ஆழமாக இருந்தது. இதற்குச் சவர்க்காரமும் இல்லை.

இப்போது மதிலோரம் முழுவதும் சீமெந்து. அங்கே கொடி கட்டி உடுப்புக் காயப்போடுகிறோம். விறாந்தைச் சாடிகளையும் கொட்டிவிட்டேன். மச்சாள் திரும்ப வரத் தொடங்கிவிட்டாள். முன்பக்கத்துச் செவ்வரத்தையில் மட்டும் பூ ஆய்வாள். கணவர் போன மாதம் சந்தையிலிருந்து இரண்டு ரோசாக் கன்றுகள் வாங்கி வந்து, கடையில் வாங்கிய மண்ணில் நட்டு, மண் பையையும் எனக்குக் காட்டினார். தலையாட்டினேன். தண்ணியும் ஊற்றி வருகிறேன். நேற்று ஒன்று பூத்திருந்தது. நல்ல சிவப்பு. கிட்டப் போகவில்லை.