ஊசி இறங்கிய இடம்

என் மாமா ஓர் இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அம்மாவின் தம்பி அவர். காபி கொடுத்தால் நின்றுகொண்டேதான் குடிப்பார். அதிலும் பாதி டம்ளரோடு வாசலுக்குப் போய்விடுவார். சாப்பிடும்போது ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர் வேலை பார்க்காத பட்டறை இல்லை என்று அம்மா சொல்லுவாள். எங்கேயும் சண்டை போட்டுக்கொண்டு வந்ததில்லை, சும்மா வந்துவிடுவார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று உறவில் பேரெடுத்திருந்தார். அப்படிப்பட்டவர்களுக்கு நம் ஜனங்கள் வைத்திருக்கும் வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். ஒரு கால்கட்டைப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று பெண் தேடினார்கள். பாரிவாக்கத்தில் அமைந்தது. பெண்ணின் அப்பா சொந்தமாகத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர்.

மாமா கைவிடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரே காரியம் ஒரு பழைய ஹெரால்டு கார். இரண்டே கதவு. மூக்கைப் பிடித்துத் தூக்கினால் முன்பக்கம் மொத்தமும் முதலை வாய் மாதிரிப் பிளந்துகொள்ளும். காயலான் கடைக்குப் போகவிருந்ததை வாங்கிக் கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில் கொண்டுவந்து போட்டபோது, பின்சீட்டில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. நாய்க்குட்டிகள் வளர்ந்து தெருவுக்குப் போன பிறகுதான் வேலையையே ஆரம்பித்தார். இன்ஜினைத் தனியாகக் கழற்றி, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங் எல்லாம் போட்டார். அது முடிகிற வரை அந்த இன்ஜின் அம்மாவின் பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு எங்கள் ஹாலில்தான் இருந்தது. நான் அதன்மேல் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன். மாப்பிள்ளை அழைப்பு இந்த வண்டியில்தான், இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

கல்யாணத்துக்குச் சில வாரங்களே இருக்கும்போதுதான் இன்ஜினை வண்டியில் ஏற்றினார். முதன்முதலாக ஸ்டார்ட் செய்ய அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல நேரம் பார்த்தாள். நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய், கற்பூரத்தட்டு என்று தயாராக நின்றாள். மாமாவுக்கு அதெல்லாம் காதிலேயே விழவில்லை. புதிதாகக் கட்டிய இன்ஜின் முதல்முறை பிடித்துக்கொண்டால் இருபது நிமிஷம் அணைக்கக் கூடாதாம், வேகத்தையும் குறைக்கக் கூடாதாம். உள்ளே ஒன்றோடொன்று உரசும் புது இரும்பெல்லாம் எண்ணெயில் நனைந்து பழகுகிற நேரம் அது. அந்த இருபது நிமிஷத்தில் கெட்டால் கெட்டதுதான், மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும்.

என்னை முன்சீட்டில் ஏற்றி, சூடு காட்டும் மீட்டரைத் தொட்டுக் காட்டினார்.

"பாப்பா, இந்த ஊசி மேலேயே கண்ணு வையி. நடுவுல நின்னுச்சுன்னா நல்லது. செவப்பாண்ட போச்சுன்னா கத்து."

எனக்கு ஒன்பது வயது. அதுவரை எங்கள் வீட்டில் யாரும் என்னை நம்பி ஒரு பால் பாக்கெட்டுக்குக்கூட அனுப்பியதில்லை. நான் இமை கொட்டாமல் உட்கார்ந்தேன்.

வண்டி ஒருமுறை இருமியது. மறுமுறை செருமியது. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டது பாருங்கள், எதிர்வீட்டுக் கூரையில் இருந்த புறாவெல்லாம் பறந்தன. உள்ளே பூசியிருந்த எண்ணெய் எரிந்து தெருவே வெள்ளைப் புகை. அந்தப் புகைக்குள்ளிருந்து அம்மா தட்டோடு இருமிக்கொண்டே வந்தாள்.

"டேய், நிறுத்துடா, கற்பூரம் காட்டணும்!"

"நிறுத்தக் கூடாதுக்கா! நீ பாட்டுக்குக் காட்டிகினே இரு!"

அம்மாவும் விடவில்லை. கற்பூரம் தீரத் தீர வேறொன்றை வைத்து அந்த இருபது நிமிஷமும் ஆரத்தி காட்டினாள். எந்தக் கோயில் சாமிக்கும் அவ்வளவு நேரம் நடந்திருக்காது. ஊசி மெல்ல ஏறி நடுவில் வந்து நின்றது. மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படி அவர் சிரித்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அப்புறம் ஆரம்பித்தது ரன்னிங்-இன். வண்டியைப் பழக்குவதற்கு அப்படிப் பெயர். அதற்கென்று ஒரு விரதமே உண்டு. நாற்பதுக்கு மேல் போகக் கூடாது. ஒரே வேகத்திலும் போகக் கூடாது, ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. மாமாவுக்காகவே யாரோ எழுதிவைத்த சட்டம் மாதிரி இருந்தது. தினமும் ஷிப்டு முடிந்து வந்ததும் என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். திருமுல்லைவாயல், ஆவடி, பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லி. அங்கிருந்து வேலப்பன்சாவடி, நூம்பல், அயப்பாக்கம் சுற்றி வீடு. சைக்கிள்காரர்கூட எங்களை முந்திப் போய்த் திரும்பிப் பார்ப்பார். ஊசி எங்கே இருக்கிறது என்று நான் அடிக்கடி சொல்ல வேண்டும். எங்கேயும் இறங்க மாட்டோம். பெண் வீடு இருக்கும் பாரிவாக்கத்துக்குத் திரும்பும் முனையைத் தினமும் தாண்டுவோம், ஒருநாளும் உள்ளே திரும்பியதில்லை. நின்றால் வண்டி கெட்டுவிடும் என்பார் மாமா. எனக்கு அது சரியான காரணமாகத்தான் பட்டது.

மாப்பிள்ளை அழைப்பு பூந்தமல்லியில். பிள்ளையார் கோயிலிலிருந்து கல்யாண மண்டபம் வரை ஊர்வலம். ஹெரால்டின் கூரையை நாலைந்து போல்ட்டைக் கழற்றினால் தனியாகத் தூக்கி வைத்துவிடலாம். மாமா அதைக் கழற்றிவிட்டுத் திறந்த காராக்கியிருந்தார். பட்டறைக் கூட்டாளி ஒருவர் ஓட்ட, மாமா கோட்டு மாலையோடு பின்சீட்டில் உட்கார்ந்தார். பக்கத்தில் பாவாடை சட்டையில் நான். முன்னால் பேண்டு வாத்தியம், அதற்கு முன்னால் ஆடுகிற பையன்கள். அவர்கள் பத்தடி நகர்ந்தால் கால்மணி நேரம் ஆடினார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் முழுதாகப் பழகாத புது இன்ஜின், காற்றில்லாமல், நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

நான் இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி ஊசியைப் பார்த்தேன். நடுவைத் தாண்டியிருந்தது. அடுத்த பாட்டு முடிவதற்குள் சிவப்பைத் தொட்டுவிட்டது. சொன்னபடி கத்தினேன்.

மாமாவின் இரண்டு காலும் ஆடத் தொடங்கின. இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று கூட்டாளி சொன்னார். பக்கத்தில் நடந்துவந்த அம்மா பதறிப்போனாள். மாப்பிள்ளை வண்டி வழியில் அணையக் கூடாது, தள்ளிக்கொண்டு போவது அதைவிட அபசகுனம், பொண்ணு வீட்டார் என்ன நினைப்பார்கள் என்றாள். அந்தப் பேச்சு முடிவதற்குள் மாமா சீட்டைத் தாண்டி முன்னால் குதித்தார். கூட்டாளியை இறக்கிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துட்றேங்கா. காத்து பட்டா எறங்கிடும்."

பக்கத்துச் சந்தில் வண்டி திரும்பியது. நான் பின்னால் இருக்கிறேன் என்பது அவருக்கு நினைவில் இருந்ததா என்று தெரியவில்லை. பெரிய சாலைக்கு வந்ததும் நான் ஏறிக் குதித்து முன்சீட்டுக்கு, என் இடத்துக்கு, வந்தேன்.

காற்று பட்டதும் ஊசி இறங்க ஆரம்பித்தது. நசரத்பேட்டை தாண்டும்போது நடுவுக்கே வந்துவிட்டது.

"மாமா, எறங்கிடுச்சு!"

"எறங்கட்டும், எறங்கட்டும்."

இன்னும் இறங்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். செம்பரம்பாக்கம் தாண்டினோம். வேகம் காட்டும் ஊசியைப் பார்த்தால் நாற்பதைத் தாண்டி, ஐம்பதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இத்தனை வாரம் விரதம் காத்தவர் இப்படிச் செய்கிறாரே! "நாப்பது மாமா, நாப்பது!" என்று கத்தினேன். மாலையிலிருந்து ரோஜா இதழ்கள் பிய்ந்து என் முகத்தில் அடித்தன. பக்கத்தில் வந்த லாரியிலிருந்து கிளீனர் எட்டிப் பார்த்து, "இன்னா மாப்ள, பொண்ணு எங்க?" என்றான். மாமா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்த ரோடு எங்க போவுது மாமா?"

"பெங்களூரு."

"நாம எங்க போறோம்?"

நான் கேட்டது காற்றில் கேட்கவில்லை என்று விட்டுவிட்டேன். கோயிலில் ஓசியில் கொடுத்தார்கள் என்று இரண்டு பாட்டில் கலர் குடித்திருந்தேன், அது வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தது. எவ்வளவோ அடக்கிப் பார்த்தேன். இருங்காட்டுக்கோட்டை வந்தபோது முடியவில்லை.

"மாமா, ஒண்ணுக்கு வருது."

உடனே நிறுத்தவில்லை. கொஞ்சதூரம் போய், அப்புறம் வேகம் குறைந்து, ஓரம் கட்டினார். நான் புதரோரம் போய்விட்டு வந்தபோது மாலையைக் கழற்றி முன்பக்கத்தின்மேல் வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் கையூன்றி நின்றிருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. புகை இல்லை, தட்டுகிற சத்தம் இல்லை. மாமாவும் அசையாமல் நின்றார். கால்கூட ஆடவில்லை.

"பாப்பா, ஊட்டுக்குப் போணுமா?"

"போணும். அம்மா தேடும்."

அவர் கொஞ்சநேரம் மேற்கே போகிற லாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாலையை எடுத்துப் போட்டுக்கொண்டார். திரும்பிவரும்போது நாற்பதுக்கு மேல் ஒருமுறைகூடப் போகவில்லை.

இதற்கிடையே பூந்தமல்லியில் நடந்த கூத்தை அம்மா பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறாள். பேண்டுக்காரர்கள் மாப்பிள்ளை இல்லாமலே வெகுநேரம் வாசித்திருக்கிறார்கள். அப்புறம் ஒவ்வொரு வாத்தியமாக நின்றுபோயிருக்கிறது. பெண்ணின் அப்பா மாமாவின் செல்போனுக்கு அடிக்க, பக்கத்தில் நின்ற என் அப்பாவின் சட்டைப்பையில் அது மணியடித்திருக்கிறது. மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்று பைக்கில் ஆட்கள் கிளம்பி, எங்கள் வீட்டுக்குத்தான் போயிருப்பான் என்று ஆவடி பக்கமாகத் தேடிக்கொண்டு போயிருக்கிறார்கள். நாங்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தோம். புது இன்ஜின், சூடு இறங்க நேரமாகிவிட்டது என்றார் மாமா. அம்மா அழுதுகொண்டே ஆரத்தி எடுத்தாள். பிள்ளையைக் கூடவே வைத்துக்கொண்டு யாராவது ஓடுவார்களா என்று பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னார். அதோடு பேச்சு அடங்கியது.

மண்டபத்தில் நான் பந்திக்கு ஓடும்போது பெண்ணறையிலிருந்து கூப்பிட்டார்கள். அத்தையாகப் போகிறவரை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். பாதி அலங்காரத்தில் இருந்தார். கூட இருந்த பெண்களை ஊக்கு வாங்கிவா, பூ வாங்கிவா என்று ஒவ்வொருவராக வெளியே அனுப்பிவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"வண்டில நீதான் ஊசி பாப்பியாமே. எங்க எறங்குச்சு?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். பெருமை தாங்கவில்லை.

"நசரத்பேட்டையிலயே எறங்கிடுச்சு. சூப்பர் இன்ஜின்."

"எங்கப்பா லாரியும் அப்பிடித்தான். காத்து பட்டா ஒடனே எறங்கிடும்" என்றார். "அப்பறம் எது வரிக்கும் போனீங்க?"

சொன்னேன். ஏன் நின்றோம் என்பதையும் சொன்னேன்.

"திரும்பச் சொன்னது யாரு?"

"நான்தான். அம்மா தேடும்னேன்."

"பொண்ணு தேடும்னு சொல்லலியா?"

"இல்லியே. அது எனக்குத் தோணல."

அத்தை கையிலிருந்த வளையல்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார். வெளியே பாட்டுக் கச்சேரிக்கு மைக் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வேறு யாரிடமாவது இதைச் சொன்னாயா என்று கேட்டார். யாரும் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா, திரும்பற வரிக்கும் ஊசி எறங்கவே இல்லன்னு சொல்லு."

"அய்ய, அது பொய்யி. வண்டி பேரு கெட்டுப்பூடும்."

"கெட்டா கெடட்டும்" என்றார் அத்தை. பூ வாங்கப்போன பெண் உள்ளே வந்துவிட்டாள். அத்தை கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர்கள் இன்றைக்கும் சேர்ந்துதான் இருக்கிறார்கள். அத்தை அந்தச் சாயங்காலத்தைப் பற்றி மாமாவிடம் என்றாவது கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி அவர் தன் அப்பாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், விடிவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஓடிப்போனவன் தனக்காகத் திரும்பவில்லை, ஒரு சின்னப்பெண் வீட்டுக்குப் போகணும் என்றதால் திரும்பினான் என்று தெரிந்துகொண்டே காலையில் வந்து மணையில் உட்கார்ந்தார். அது எனக்குப் புரியவே பல வருஷம் ஆயிற்று. அன்று எனக்கு வந்ததெல்லாம் கோபம்தான். கெட்டிமேளம் கொட்டியது, அத்தை கழுத்தைக் குனிந்தார், மாமா தாலி கட்டினார், நாலு பக்கமிருந்தும் அட்சதை விழுந்தது. என்னுடையதை மட்டும் நான் போடவில்லை. ஒரு குற்றமும் செய்யாத இன்ஜின்மேல் பழியைப் போட்டவளுக்கு அட்சதை ஒரு கேடா என்று, உள்ளங்கையில் மஞ்சள் ஒட்டுகிற வரை இறுக்கி மூடி வைத்திருந்தேன்.